கனடாவுக்குப் போகாத அக்கா

அக்கா,

வீடு முழுக்கச் சோளமா அவிந்த மணம். யன்னலைத் திறந்துவிட்டும் போகவில்லை. நீங்கள் பிரேசிலில் ரெசிஃபேயிலிருந்து அனுப்பிய அந்தச் சின்ன அலுமினியப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் மேசையில் வந்து இருந்துவிட்டேன். இன்றைக்கு உங்கள் முப்பத்தோராம் நாள். அந்தியேட்டிக் கிரியை முடித்து மண்டபத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்கிவிட்டால் இதை எழுத மாட்டேன் என்று தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

முதலில் அந்த மரண அறிவித்தல். வேலைக்குப் போகும்போது ரயிலில் வைத்துத்தான் போனில் பார்த்தேன். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், ஜெர்மனி டோர்ட்மண்டை வதிவிடமாகவும், கனடாவைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்டிருந்தவர் என்று உங்கள் மகன் போட்டிருந்தான். கனடா! நீங்கள் அந்த நாட்டு விமான நிலையத்தைக்கூடக் கண்டதில்லை. எங்கள் ஆட்கள் செத்த பிறகு ஒருவரைப் பற்றி முதலில் வாசிப்பது இதைத்தான், எங்கே பிறந்தார், எங்கே இருந்தார் என்று. மிச்சமெல்லாம் எல்லோருக்கும் ஒரே வசனம். அந்த ஒரு வரியிலும் நீங்கள் ஆசைப்பட்டு வாழ்ந்த ஊரை வெட்டிவிட்டு, வாழாத நாட்டை ஒட்டியிருந்தான்.

பொய்க்கும் சோறு போடவேண்டும் அல்லவா? அறிவித்தலைப் பார்த்த கனடாச் சனம் அங்கே இருக்கிற உங்கள் கூடப்பிறந்த தங்கச்சிக்கு அழைப்பெடுத்து, பூதவுடலை எங்கே பார்வைக்கு வைத்திருக்கிறது என்று கேட்கத் தொடங்கியிருக்கிறது. உங்களோடு படித்த ஒருவர் மாலையும் வாங்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகத் தேடி அலைந்தாராம். குடும்பத்தோடு மட்டும் முடித்துவிட்டோம் என்று தங்கச்சி சமாளித்தாவாம். அந்த மனுசன் மாலையை எங்கே வைத்தாரோ தெரியாது. இதைக் கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அதற்குப் பிறகு அறிவித்தலைத் திரும்பவும் எடுத்து வாசித்தேன்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது அக்கா, இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்தப் பொய்க்கு நீங்களும் உடந்தை. பேத்தியோடு வீடியோவில் கதைக்க விடவேண்டுமென்றால் ஊருக்குக் கனடா என்று சொல்லவேண்டும் என மகன் சொன்னபோது, நீங்கள் தலையாட்டிவிட்டீர்கள். கோயில் ஆட்கள் யாரும் போனில் அகப்பட்டால், வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "ஓம், இஞ்சையும் சரியான குளிர்தான்" என்று சொல்வீர்கள். பின்னால் தேங்காய் விற்கிறவன் கத்துவது எனக்குக் கேட்கும். வாய்க்காரியான நீங்கள் எப்படி இதற்குச் சம்மதித்தீர்கள் என்று நான் கத்தியபோது, "பேத்தியின்ரை முகத்துக்காகத்தான்" என்று மட்டும் சொன்னீர்கள்.

பிரேசில்காரி செல்மாவை நீங்கள் சேர்த்துக்கொண்ட நாள் எனக்கு நல்ல ஞாபகம். நாங்கள் மூன்று பேரும் டோர்ட்மண்டில் அந்தக் காப்புறுதிக் கம்பனிக் கட்டடத்தில் விடியப்புறம் துப்பரவு வேலை செய்தோம். ஒரு நாள் இடைவேளையில் செல்மா ஒரு டப்பாவைத் திறந்தாள். உள்ளே மஞ்சளாக, ஆவியில் அவித்த சோளமா, மேலே தேங்காய்ப்பூ. அவள் அதைக் குஸ்குஸ் என்றாள். நீங்கள் ஒரு விரலால் நுள்ளி வாயில் போட்டுவிட்டு, "உது எங்கடை பிட்டெல்லோ, மஞ்சள் பூசிக்கொண்டு வந்திருக்குது" என்றீர்கள். அன்றிலிருந்து அவளுடைய டப்பாவும் உங்களுடைய டப்பாவும் இடம் மாறத் தொடங்கின. உங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது வேலை செய்கிற இடத்தில் பொறுக்கிய ஜெர்மன் மட்டும். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு கதைத்தீர்கள், எவ்வளவு சண்டை பிடித்தீர்கள்!

வாளியும் துணியும் பிடித்து முழங்கால் தேய்ந்து, உங்களுக்குப் பென்ஷன் வந்தது. அந்தக் கிழமையே மகன் தன் வீட்டுக் கதவுத் திறப்பு ஒன்றை உங்கள் கையில் தந்து, இனி அம்மா வீட்டோடு நிற்கலாம் என்றான். வீட்டோடு நிற்பதென்றால் சமையல், உடுப்புத் தோய்த்தல், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுதல். சம்பளமில்லாத வேலைக்கு மாறிவிட்டேன் என்று நீங்கள் எனக்குப் பகிடியாகத்தான் சொன்னீர்கள். செல்மாவும் ஓய்வெடுத்துக்கொண்டு பிரேசிலில் தன் ஊருக்குத் திரும்பியிருந்தாள். ஒரு குளிர்காலம் நின்றுவிட்டு வருகிறேன் என்று ரெசிஃபேக்குப் போனவர் நீங்கள், திரும்பி வந்தது வீசா அலுவலுக்கும் பெட்டி கட்டுவதற்கும் மட்டும்தான்.

அதற்குப் பிறகு என் மத்தியான இடைவேளை உங்களுடையது. அங்கே விடிந்ததும் நீங்கள் பேசி அனுப்பும் குரல், இங்கே நான் பாண் துண்டைக் கடிக்கும் நேரத்துக்கு வந்து சேரும். இன்றைக்குப் பலாப்பழம் வாங்கினேன், விற்றவன் கொட்டையை எறியச் சொன்னான், நான் அவனுக்கே கறி வைத்துக் காட்டினேன் என்பீர்கள். பின்னேரத்தில் சதுக்கத்தில் கிழவிகளுக்கு நடன வகுப்பு என்றும், முழங்கால் விடுகிற அளவுக்கு ஆடுகிறேன் என்றும் சொல்வீர்கள். ஞாயிறுகளில் திருநீறு பூசிக்கொண்டு செல்மாவோடு தேவாலயத்தின் கடைசி வாங்கில் இருப்பதைச் சொல்வீர்கள். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று வருடா வருடம் முத்திரை குத்தி ஜெர்மனிப் பென்ஷன்காரருக்கு அனுப்பவேண்டும். அதற்கு மட்டும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போவீர்கள். "இந்த வயதிலைதான் நான் உயிரோடை இருக்கிறன் எண்டு எழுதித் தாறாங்கள், நல்லா உடுத்துக்கொண்டு போகத்தானே வேணும்" என்பீர்கள்.

கடற்கரையில் சுறா கவனம் என்று பலகை வைத்திருப்பதைப் பார்த்து நீங்கள் சிரித்த சிரிப்பை இன்னும் போனில் வைத்திருக்கிறேன். ஊரில் நாங்கள் சுறாவில் வறை வைத்தோம், இங்கே அது எங்களை வறுக்கப் பார்க்கிறது என்று சொல்லி மூச்சு முட்டச் சிரித்தீர்கள். டோர்ட்மண்டில் இருந்த காலத்தில் நீங்கள் ஒரு தடவையாவது அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. இந்தச் சிரிப்பில் மறைக்க என்ன இருக்கிறது? இரண்டு விதவைக் கிழவிகள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பாதி ஜெர்மனில் சண்டை பிடித்துக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, கடல் பார்த்தார்கள். அம்மாவை வைத்துப் பார்க்கவில்லை என்று சனம் சொல்லுமே என்பதுதான் மகனின் பயம். பயம் முழுக்க அவனைப் பற்றியது, உங்களைப் பற்றியது அல்ல.

செல்மா எனக்குத்தான் முதலில் அழைப்பெடுத்தாள். கோப்பி போட எழும்பியவர் கதிரையில் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று அதே உடைந்த ஜெர்மனில் சொல்லி அழுதாள். அங்கே சனம் புதைக்கிறதுதான் வழக்கம். நீங்கள் நெருப்பென்று சொல்லியிருந்தபடியால் அவள் நகரத்துக்கு வெளியே எரிக்கிற இடத்தைத் தேடிப் பிடித்து, உங்கள் சாமித்தட்டில் இருந்த திருநீற்றைத் தன் கையாலேயே பூசி அனுப்பினாள். அங்கே உடலை நாட்கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள், அதற்குள் மகன் போய்ச் சேர முடியாது, அதை நான் குறை சொல்லவில்லை. சாம்பலை என்ன செய்யட்டும் என்று அவள் கேட்டதற்கு, அங்கேயே கடலில் கரையுங்கள் என்றான். அந்தக் கடல் உங்கள் சாம்பலுக்கு ஆகும், உங்கள் பெயருக்குப் பக்கத்தில் எழுத மட்டும் ஆகாதா?

அந்தியேட்டிக்கு அடிக்கும் நினைவு மலரில் ஒரு பக்கம் எழுதித் தாங்கோ என்று என்னையும் கேட்டான். "பிரேசில் விசயத்தை மட்டும் விடுங்கோ அன்ரி" என்றான். ஏலாது என்றேன். எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கு மலரை விரித்துப் பார்த்தால் என் பக்கம் இல்லை. அந்த இடத்தில் யாரோ இணையத்தில் எடுத்த ரோசாப்பூ.

என் பக்கம் வராது என்று எனக்கு முன்னமே தெரியும் அக்கா. அதனால்தான் விடிய எழும்பிச் சோளமா நனைத்தேன். செத்தவருக்குப் பிடித்ததைப் படைக்கவேண்டும் என்பதுதானே எங்கள் வழக்கம். வாழையிலையில் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை, பழமெல்லாம் வந்திருந்தது. நான் மூடிக்கொண்டு போன தட்டைத் திறந்து, அந்த மஞ்சள் பிட்டைத் தேங்காய்ப்பூவோடு இலையின் நடுவில் வைத்தேன். ஐயர் நிறுத்திவிட்டு இது என்னவென்று கேட்டார். மகன் பல்லைக் கடித்துக்கொண்டு, "அன்ரி, பிறகு கதைப்பம்" என்றான்.

"இல்லைத் தம்பி, இப்பவே சொல்லுறன்" என்றுவிட்டு, ஐயரிடம்தான் சொன்னேன், ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். "இது அக்கா பிரேசிலிலை, ரெசிஃபே எண்ட ஊரிலை, காலமையிலை விரும்பிச் சாப்பிட்ட பிட்டு. அவ அங்கைதான் இருந்தவ, அங்கைதான் செத்தவ. கனடாவுக்கு அவ போகேல்லை."

கோயில் நிர்வாகத்தில் இருக்கிற அண்ணை, அறிவித்தலில் கனடா என்றுதானே இருந்தது என்று இழுத்தார். அறிவித்தல் பிழை அண்ணை என்றேன். ஐயர் மணியை எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினார், பிட்டுக்கும் சேர்த்துத்தான் தூபம் காட்டினார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் மகன் பின்னால் வந்து, ஏன் என்னை இப்படி அவமானப்படுத்தினீர்கள் என்று கேட்டான். "படையலிலை பொய் வைக்கக் கூடாது தம்பி" என்றேன். அவன் முகம் சுருங்கியது. பாவமென்று நினைக்கப் பார்த்தேன், முடியவில்லை. இன்னொரு நாளைக்குப் பார்க்கலாம்.

செல்மாவுக்கு அழைப்பெடுத்து எல்லாம் சொன்னேன். பிட்டு உதிர்ந்ததா, கட்டியாக வந்ததா என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. கொஞ்சம் கட்டி என்றேன். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்கும் இந்த வருடக் கடிதம் பென்ஷன்காரரிடமிருந்து இன்றைக்குத்தான் வந்ததாம், என்ன எழுதி அனுப்புவது என்று கேட்டுவிட்டு அழுதாள்.

கோபத்தை இறக்கி வைக்கும்படி நீங்கள் சொல்வீர்கள். கொஞ்சக் காலம் என்னிடமே இருக்கட்டும். இனி உங்களை யாரும் விசாரித்தால், முதலில் ரெசிஃபே என்று ஊரின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மற்றக் கதை. பானை காய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் வைப்பேன், இந்த முறை தண்ணீரைக் குறைத்துத் தெளிக்கவேண்டும்.