அந்தப் பின்னறையை நீ பெருக்கிய நாள்

அக்கா,

இன்று காலை சுக்குக் கிடங்கின் பின்னறையைத் திறந்ததும் அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. எலி மூத்திரமும் ஈரச்சாக்கும் கலந்த நெடி. மலையாளத்து மட்டாஞ்சேரியில் எல்லா நெடியும் எனக்குப் பழகிவிட்டது, இது மட்டும் பழகவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் மழை ஓய்ந்ததும் இதே அறையை நீயும் நானும் திறந்தோம். அள்ள அள்ள எலிப்புழுக்கை. தண்ணீர் தெளித்துப் பெருக்கலாம் என்றாய். சூப்பர்வைசர் முகம் சுளித்தார். "வெள்ளம் வேண்டா. சுக்கு பூத்துப் போகும். சும்மா தூத்தா மதி." தண்ணீர் பட்டால் சுக்கு பூசணம் பிடிக்குமாம், உலரவே பெருக்கினால் போதுமாம்.

எனக்கு அப்போது ஐந்து மாதம். என் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டாய். "வாயும் வயிறுமா இருக்கே. வெளிய நில்லுடி, நான் பாத்துக்கிறேன்." புகைபோல் எழும்பிய தூசிக்குள் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு போனாய்.

இரண்டு வாரத்தில் காய்ச்சல். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. எலிக்காய்ச்சலும் இல்லை, டெங்குவும் இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. ஈறு கசிந்தது, மலம் தார்போல் கறுத்தது, மூத்திரம் நின்றேபோனது.

"இது எலிகிட்டருந்து வர்ற வேற வைரஸ்" என்றார் டாக்டர், எனக்காகத் தமிழில். "காஞ்ச புழுக்கைத் தூசிய மூச்சுல இழுத்தாலே போதும். ரத்தக்குழாயெல்லாம் கசியுது, கிட்னியும் வேலை செய்யல. இதுக்குன்னு தனி மருந்து இல்லம்மா. டயாலிசிஸ் பண்றோம், பாப்போம்."

கடைசி நாள், உன் வாயோரம் வழிந்த ரத்தத்தைத் துடைக்கச் சொல்லி நர்ஸ் என்னிடம் துணியைத் தந்தாள். அந்த வாடைக்கு என் கை தானாகப் பின்னால் போனது. நீ பார்த்துவிட்டாய். "போடி, வயித்துப்பிள்ளைக்கு ஆகாது" என்று புறங்கையால் நீயே துடைத்துக்கொண்டாய். மறுநாள் நீ இல்லை.

துக்கம் கேட்க வந்த சூப்பர்வைசர், "பனியல்லே, ஆர்க்கும் வரும்" என்றார்; காய்ச்சல்தானே, யாருக்கும் வருமாம். அதே வாரம் அந்த அறையிலிருந்த சுக்கை மேலாகத் தட்டி, புதுச்சாக்கில் மாற்றி வல்லார்பாடம் துறைமுகத்துக்கு லாரி ஏற்றினார்கள். எந்த ஊரிலோ யாரோ தின்பதற்கு. சாக்கு வாயைத் தைத்தவள் நான்தான், அக்கா. நினைத்தால் என்மீதே காறித் துப்பத் தோன்றுகிறது.

இன்று, தேனியிலிருந்து புதிதாக வந்த பெண்ணிடம் அதே சூப்பர்வைசர் விளக்குமாற்றை நீட்டினார். நான் வாங்கி வெளியே எறிந்தேன்.

"கதவு திறந்தே கெடக்கட்டும். பிளீச்சிங் தண்ணி ஊத்தி ஊறணும். அதுவரைக்கும் ஒருத்தியும் உள்ள போகமாட்டோம்."

"சுக்கு போகும்."

"போகட்டும்."

வேலைக்கு நின்ற பெண்கள் நாங்கள் யாரும் நகரவில்லை. கடைசியில் அவரே வாளியைத் தூக்கி வந்தார்.

மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. உன் வாயைத் துடைக்காத கையால்தான் அவளுக்குச் சோறு ஊட்டுகிறேன்.