வாய்க்காலில் முக்காத கட்டு

அக்கா,

இன்று காலை நனைக்காத சிறுகீரைக் கட்டுகளைத் தலையில் ஏற்றியபோது உன் வாசனை வந்தது. காய்ந்த மண்ணும் வாழைநாரும் கலந்த வாசனை. கடைசி வருஷங்களில் உன் கூடை அப்படித்தான் மணக்கும்.

நேற்று கள்ளக்குறிச்சிச் சந்தைக்குக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கீரையை அரைத்து, சாற்றை வடித்து, ஏதோ நுண்ணுயிர் இருந்த குப்பியில் விட்டாள். ஈயம் இருந்தால் நீல விளக்கின் கீழ் அது பச்சையாக ஒளிருமாம். நான்தான் முதல் கட்டை நீட்டினேன். என் கிணற்றின்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஒளிர்ந்தது, அக்கா. கூட்டம் கூடிவிட்டது.

"ஒன் வெளக்கு பொய் சொல்லுது. நான் குடிக்கிற தண்ணிதான் கீரைக்கும் பாயுது. நாளைக்கும் எரிஞ்சா இந்த யாவாரத்தையே வுட்டுடறேன்" என்று கத்தினேன்.

"கோவப்படாதீங்க ஆயா. வழியில எங்கனா நனைச்சீங்களா?"

வாய்க்கால் படி நினைவுக்கு வந்தது.

சந்தைக்கு வரும் வழியில் வாய்க்கால் படியில் இறங்கி, வாடாமலிருக்கக் கட்டுகளை முக்கி எடுப்போமே. ஒருநாள் நீ மட்டும் மேலேயே நின்றாய்.

"வேணான்டி. தண்ணி வர்ற பக்கம் பழைய பேட்டரி ஒடைச்சிக்கினு இருக்கானுங்க. அந்தத் தண்ணிதான் இது."

"ஓடற தண்ணிக்கு இன்னாக்கா? முட்டி வலி, எறங்க முடியல, அதச் சொல்லு."

கூட வந்த கீரைக்காரிகள் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. பளபளவென்ற என் கீரை முதலில் விற்றுத் தீரும். வாடிய உன் கட்டுகள் வெயில் ஏறும்வரை கிடக்கும். அதற்கும் கேலி செய்தேன்.

இன்று வயலிலிருந்து நேராகக் கொண்டுபோன கட்டை அந்தக் கல்லூரிப் பெண் அரைத்தாள். குப்பியைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். ஒரு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். திறந்தபோது குப்பி இருட்டாகவே இருந்தது.

சுற்றியிருந்தவர்கள் என் தோளைத் தட்டினார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வயல் சுத்தம் என்றால், இத்தனை காலம் விஷத்தில் முக்கி விற்றது என் கைதான். வாரம் தவறாமல் வாங்கிப்போன பிள்ளைத்தாச்சிகளின் முகம் ஒவ்வொன்றாக வந்தது.

உன்மேல் எனக்குக் கோபம்தான், அக்கா. நீ செத்துப்போனதால் அது குறையவில்லை. என் பிடிவாதம் உனக்குத் தெரியாதா? ஒரு தடவை சொல்லிவிட்டு விடலாமா? என் கட்டைப் பிடுங்கி மண்ணில் எறிந்திருக்க வேண்டாமா?

நாளை விடியும்போது, ஒருத்தியும் கட்டை முக்காதபடி அந்தப் படியில் குறுக்கே போய் உட்காரப்போகிறேன். பக்கத்துக் கடை வள்ளி இப்போதே முறைக்கிறாள். "படிய நீ வெலைக்கு வாங்கிக்கினியா?" என்கிறாள். "வாடன கீரைய எவ வாங்குவா?" என்கிறாள்.

கேட்கட்டும். நாளையும் கேட்கட்டும், மறுநாளும் கேட்கட்டும். உன்னைப்போல் ஒரு தடவை சொல்லிவிட்டு மேலே நிற்கிறவள் இல்லை நான்.