நடைவழி விளக்கும் பச்சை இலையும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. ‘அன்புள்ள’ என்பது எழுதிப் பழகிய கை தானாகப் போட்டது, அதில் எதையும் தேடாதே. நான் நலம். உன் அம்மாவும் நலம் என்று எழுதத்தான் ஆசை, அதற்குப் பிறகு வருகிறேன். நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கு ஒரு ஜலதோஷம் பிடித்திருந்தால்கூட அதிலிருந்து நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்று இதற்குள் ஒரு குறிப்பு வந்திருக்கும். காகிதத்தில் எழுதுகிறேனே என்று மரத்துக்காகப் பதறாதே, தாளைத் திருப்பிப் பார், தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றிக் குடியிருப்போர் சங்கம் கொடுத்த பழைய நோட்டீஸ். போனில் சொல்ல வழியில்லை, எங்கள் இருவருக்கும் ஒரே போன், அது இப்போதெல்லாம் உன் அம்மாவின் கையைவிட்டு இறங்குவதில்லை. ஏன் இறங்குவதில்லை என்பதுதான் இந்தக் கடிதம்.

போன தடவை இருமிக்கொண்டே வந்தபோது இந்த வீட்டைத் திருத்திவிட்டுப் போனாய். காய்கறி கழுவின தண்ணிய வீணாக்காதம்மா, செடிக்கு ஊத்து என்று நீ சொன்னபோது உன் அம்மா அந்தத் தண்ணீரைச் செடிக்குத்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள், சரிம்மா சரிம்மா என்று தலையாட்டிக்கொண்டே ஊற்றினாள். துணிப்பையின் அருமையை எங்களுக்கு விளக்கினாய். பழைய திரைச்சீலையில் அவள் தைத்த பையைப் பள்ளிக்கூட வாசலில் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டவள் நீ, இப்போது மரம் படம் போட்ட பை ஒன்றை உன் கம்பெனியின் பரிசு என்று கொண்டுவந்தாய், அது பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. சமையலறைக் கழிவை உரமாக்க ஒரு வாளி வாங்கி வைத்தாய், சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலுள்ள அந்த ஒடுங்கிய நடைவழியில், வேறு இடமே இல்லாததுபோல். இவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன், நல்ல பழக்கங்களோடு எனக்குச் சண்டை இல்லை, உனக்கு முன்பே அவற்றோடு குடித்தனம் நடத்தியவன். என்னால் பொறுக்க முடியாதது, மெயின் போர்டுக்குப் பக்கத்தில் கரண்டை அளக்க நீ மாட்டிவிட்டுப் போன அந்த வெள்ளைப் பெட்டி.

மாலையில் வீட்டில் கரண்ட் செலவு குறைந்தால் போனுக்கு ஒரு பச்சை இலைப் படம் வரும் என்றாய். நான் அங்கேருந்தே பாத்துக்கிட்டு இருப்பேம்மா என்று அவள் கன்னத்தைத் தட்டிச் சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். குப்பையைக் குறைப்பது எப்படி என்று கம்பெனி கம்பெனியாகப் பறந்து சொல்லிக்கொடுக்கிற உத்தியோகம், பறக்காமல் முடியாதுதான். அன்றிலிருந்து உன் அம்மா இருட்ட ஆரம்பித்ததும் ஒவ்வொரு விளக்காக அணைத்துவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். டிவியும் கிடையாது. நானும் எதிரில் உட்காருகிறேன், இரண்டு பேரும் திருடர்களுக்குப் பயந்தவர்கள் மாதிரியும் இருப்போம், திருடர்கள் மாதிரியும் இருப்போம். இலை வந்ததும், வந்துடுச்சுங்க, பாத்துட்டா என்பாள். இலைக்கு மேலே உன் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே அவள் பதில் எழுதுவாள், சாப்பிட்டியாம்மா, இருமல் போச்சா, ராத்திரி முழிச்சு வேலை செய்யாதே. நீ பதில் போட்டதில்லை. அவளுக்கு எவ்வளவு வேலையோ, இலை அனுப்புறதே பெருசு என்று மாடி வீட்டு டெய்லரம்மாவிடம் உனக்காக வாதாடுகிறாள். நீ கடைசியாக எப்போது போன் பேசினாய் என்று நான் சொல்லப்போவதில்லை. கரண்டையே அளக்கத் தெரிந்தவளுக்கு அது தெரியாதா.

இனி நலத்துக்கு வருகிறேன். போன வாரம் சாயங்காலம் உன் அம்மா குளியலறைக்குப் போகும் வழியில், இருட்டில், உன் வாளியில் கால் தடுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. எப்படிம்மா விழுந்தீங்க என்று கேட்ட நர்ஸிடம், பல்பு பியூஸ் போயிடுச்சு என்று கண் கொட்டாமல் பொய் சொன்னாள். இத்தனை வருஷத்தில் எனக்காக அவள் இப்படி ஒரு பொய் சொன்னதில்லை. பல்புக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு வந்ததும் போட்டுப் பார்த்தேன், ஜம்மென்று எரிந்தது. பின்னாலேயே வந்து இடது கையால் அணைத்தாள். அந்தப் பல்பு என் ஆயுசு முழுக்க மாலைதோறும் எரிந்தாலும் நீ ஒரு தடவை பறந்து வந்து போன எரிபொருள் செலவுக்கு ஈடாகாது என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். என் புள்ளைய குத்தம் சொல்லாதீங்க என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கையைப் பார்க்க உன் மாமா வந்தான். உன் பேச்சைக் கேட்டு அவனும் அதே பெட்டியை வாங்கி மாட்டியிருக்கிறான். இலை வந்ததும் உன் அம்மா பெருமையாகக் காட்டினாள், அவன் தன் போனை எடுத்து, அட எனக்கும் இப்பதான்க்கா வந்துச்சு, இது அந்தப் பொட்டியே தானா அனுப்ப... என்பதற்குள் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தேன். நல்ல மிதி, இன்னும் நொண்டுகிறானாம். உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா, உனக்கும் அனுப்புறாளாடா, பாரு, யாரையும் மறக்கல. பிறகு அவனைத் தெருமுனைவரை கூட்டிப்போய் விசாரித்தேன். இலையைப் பெட்டி அனுப்புகிறது. கணக்கு உன் பெயரில் இருப்பதால் மேலே உன் பெயர் விழுகிறது. கீழே எழுதுகிற பதில்கள் உனக்கு வருவதே இல்லை, பெட்டி செய்த கம்பெனிக்கு வாடிக்கையாளர் கருத்து என்று போய்ச் சேருகின்றன. அங்கே யாரோ ஒரு அதிகாரி, இருமல் போச்சா என்ற கேள்வியைத் தினமும் படித்துக்கொண்டிருக்கலாம். அவராவது பதில் சொல்லியிருக்கலாம்.

நேற்று அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறியப் போனேன். கட்டுப் போட்ட கையோடு குறுக்கே வந்து நின்றாள். அதையும் புடுங்கிட்டா அவ எப்படிங்க எங்கூட பேசுவா என்றாள். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். உன்மேல் வந்த கோபத்தை மட்டும் வைக்கவில்லை, அது அப்படியே இருக்கிறது, இந்தக் கடிதத்தில் நீ பார்ப்பது அதில் சில்லறை.

ஆகையால் இதைக் கவனமாகப் படி. கடிதம் கிடைத்த அன்றே போன் செய். விளக்கணைக்கும் நேரத்துக்குச் செய். இலையை நான் அனுப்பவில்லை என்று உண்மை பேசிப் புண்ணியம் தேடாதே, அந்த உண்மை அவளுக்குத் தேவையில்லை. கையைப் பற்றிக் கேட்காதே, உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், வாயால் சொல்லக் கூடாது என்று நானாக அர்த்தம் செய்துகொண்டேன். இருமல் போய்விட்டது என்று சொல். சாப்பிட்டுவிட்டேன் என்று சொல். அப்புறம் பேச்சோடு பேச்சாக, நடைவழி விளக்கைப் போடும்மா, நான் பார்க்கணும் என்று சொல். நான் நூறு தடவை சொல்லிவிட்டேன், என் பேச்சுக்கு இலை முளைப்பதில்லை. வாளியை நான் மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டேன், நல்ல உரம், செடிகள் உன்னைவிட நன்றியோடு வளர்கின்றன.

நீண்ட ஆயுளோடும் நல்ல புத்தியோடும் இரு. முதலாவது என் ஆசீர்வாதம், இரண்டாவது என் கோரிக்கை. கையெழுத்து இங்கே வரிக்கு வரி கோணலாவதைப் பார்த்து அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இலை வருகிற நேரம், உன் அம்மா இப்போதுதான் விளக்கை அணைத்தாள்.

இப்படிக்கு,
உன் அப்பா