அரையரையாக இறங்கின பாட்டு

கிள்ளான்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் கேரனுக்கு,

அம்மா எழுதறேன். மாதா தயவுல நானும் அப்பாவும் நடமாடிக்கிட்டு இருக்கோம், அதே தயவு அடிலெய்டுலயும் உன் மேல இருக்கணும்னு தினமும் ஜெபமாலையை உன் பேரைச் சொல்லித்தான் முடிக்கிறேன். என்னடா இது, அம்மா வாட்சப்பை விட்டுட்டு பேப்பர்ல எழுதறாளேன்னு பார்க்காதே. போன்ல பேசினா நீ "ம்மா, ஓகேவா"ன்னு கேட்ட உடனே எனக்கு அழுகை வந்திடும், நீ பயந்துபோய் அப்பாவைக் கூப்பிடுவே, அவர் ஒன்னும் இல்ல லான்னு சொல்லி வெச்சிடுவார், விஷயம் அத்தோட முடிஞ்சிடும். பக்கத்து வீட்டு குமுதா ஆன்டி மகன் அடுத்த வாரம் அங்க வரான், அவன் கையில இதைக் கொடுத்தனுப்பறேன். கருவாடும் கொஞ்சம் வெச்சேன், ஏர்போர்ட்டுல பிடிச்சு ஆயிரம் கேள்வி கேட்பாங்கன்னு அவன் கும்பிடு போட்டுட்டான், அதனால மசாலாத் தூள் மட்டும்தான் வருது. உன் தம்பி காலேப் வீட்டுல எல்லாரும் சுகம், சின்னது நடக்க ஆரம்பிச்சு கையில கிடைச்சதை எல்லாம் இழுக்குது. இங்க சாயங்காலம் ஆனா மழை, நம்ம தாமான் வீடுங்க முன்னால லொங்காங்ல சாக்கடைத் தண்ணி நிரம்பி ரோட்டுக்கு வந்திடுது, மத்தபடி எல்லாம் அப்படியேதான்.

அப்படியே இல்லாத ஒன்னைச் சொல்லத்தான் எழுதறேன். அப்பா கீபோர்டைத் துணி போட்டு மூடி வெச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, நான் பாடகர் குழு பக்கமே போகல. ஜெபமாலை மாதா திருவிழாவுக்கு நாங்க ரெண்டு பேரும் கோயில்ல கடைசி பெஞ்சுல உட்கார்ந்து கேட்டுட்டு வந்தோம். எனக்குக் கல்யாணம் ஆனதுல இருந்து அந்த விழாவுல மாதா பாட்டை நான் பாடி அவர் வாசிக்காத ஒரே வருஷம் இதுதான். உன்கிட்ட அப்பா என்ன சொன்னார்னு தெரியல, ஏதோ விரல் வலின்னு சொல்லியிருப்பார். விரல் வலியும் உண்மைதான், ஆனா காரணம் அது இல்ல.

உனக்குத்தான் தெரியுமே, அப்பா கல்யாண பேண்டுல வாசிச்ச காலத்துல இருந்து எல்லாத்துக்கும் கட்டைக் கணக்குதான். கோயில்ல பிள்ளைங்க ஜி, ஈ ஃப்ளாட்னு சொல்லும், அவர் அஞ்சு கட்டை, ரெண்டரைக் கட்டைன்னு சொல்வார். பாட்டு எந்த இடத்துல நிக்குதோ அதுதான் கட்டை, நம்பர் ஏற ஏற தொண்டையும் ஏறணும், அரைன்னு வந்தா அது கறுப்புக் கட்டை, எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்துல கல்யாணம்னா மாப்பிள்ளை வர்றதுக்குள்ள மேடைக்குப் பின்னால இதுக்குத்தான் சண்டை நடக்கும்னு சொல்லிச் சிரிப்பார். கிட்டார்காரன் மூணு கொடு, அஞ்சு கொடும்பான், அதுலதான் கம்பியை அமுக்காமலே பாதி சத்தம் வரும். நம்ம ஜெயராஜ் அங்கிள் சேக்ஸபோனைத் தூக்கிக்கிட்டு ரெண்டரை, ரெண்டரைன்னு நிப்பார், அவர் வாத்தியத்துக்கு அது வெண்ணெய் மாதிரி, அஞ்சுன்னா விரல் சிக்கிக்கும். அப்பாவுக்கு ஒரு கட்டைன்னா சொர்க்கம், வெள்ளை மேலயே ஓடிடலாம். அவருக்குப் பிடிக்காதது நாலரையும் ஒன்றரையும், எல்லாம் கறுப்பு, வழுக்குற பாறையில நடக்கிற மாதிரின்னு சொல்வார். ஆனா கோயில்ல மட்டும் சண்டையே கிடையாது. யார் என்ன கேட்டாலும் "சாந்தாவுக்கு அஞ்சு" அப்படின்னு முடிச்சிடுவார். ஜெயராஜ் அங்கிள் ஈப்போவுக்கு மகள் வீட்டோட போறவரைக்கும் மாதா பாட்டை ரெண்டரைக்கு இறக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார், அப்பா அசையல. எனக்கும் அதுல ஒரு பெருமை. எனக்குக் கட்டை எல்லாம் தெரியாது, அஞ்சுங்கிறது மட்டும் என் பேர் மாதிரி தெரியும்.

தைராய்ட் ஆப்பரேஷனுக்கு அப்புறம் நான் எப்படி இருந்தேன்னு நீ பார்த்தே. குரல் மேல போற இடம் திரும்ப வராமலும் போகலாம்னு டாக்டர் சொன்னார். நான் கேட்கல, புக்கிட் மெர்தாஜாம் கோயில்ல மாதாவோட அம்மா அன்னம்மாளுக்கு நேர்ந்துக்கிட்டேன். மெல்ல மெல்லப் பாட ஆரம்பிச்சேன், முதல்ல கஷ்டமா இருந்துச்சு, அப்புறம் மாசத்துக்கு மாசம் சுலபமாச்சு, போன வருஷம் பார்த்தா பழைய மாதிரியே மாதா பாட்டை மூச்சு வாங்காம பாடறேன். இந்த ஜூலையில அங்க போய் மெழுகுவர்த்தி ஏத்திட்டு வந்தோம். அடுத்த ஞாயிறு பூசை முடிஞ்சதும் ஃபாதர்கிட்ட மைக் வாங்கி, குரல் போயிடுச்சுன்னாங்க, இதோ அதே அஞ்சுல பாடறேன், மாதா அப்படியே திருப்பிக் கொடுத்துட்டாங்கன்னு எல்லார் முன்னாலயும் சாட்சி சொன்னேன். சனம் கை தட்டுச்சு. அப்பா தலையைக் குனிஞ்சு கீபோர்டையே பார்த்துக்கிட்டு இருந்தார், மனுஷன் உருகிட்டார்னு நினைச்சேன்.

செப்டம்பர்ல திருவிழாப் பிராக்டிஸ் ஆரம்பிச்சப்ப ஜெயராஜ் அங்கிள் ஈப்போவுல இருந்து வந்தார், பழைய ஆளுங்க கூட ஒரு தடவை வாசிக்கணும்னு ஆசை, வாத்தியத்தோடயே வந்துட்டார். அப்பா முகம் அப்பவே சரியில்ல, டீ குடிச்சிட்டு வரலாம், அப்புறம் பார்க்கலாம்னு அவரை வெளிய இழுக்கப் பார்த்தார். நான்தான் வாங்க அண்ணே, பாட்டை எடுங்கன்னு அவசரப்படுத்தினேன். பாட்டு ஆரம்பிச்சு ரெண்டு வரி போயிருக்கும், ஜெயராஜ் அங்கிள் ஒரு நிமிஷம் தடுமாறினார், சுருதியைப் பிடிச்சார், அவ்வளவுதான், வாத்தியத்தை வாயில இருந்து எடுத்துட்டு அப்பாவைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டார்.

"அண்ணே, கடைசியில எனக்காக ரெண்டரைக்கு இறக்கிட்டீங்களே, எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பேன்!"

பாவம், அவருக்கு என்ன தெரியும். அவர் சந்தோஷத்துல சொன்னார். நான், என்னண்ணே ரெண்டரை, நாம அஞ்சுலதானே பாடறோம்னு கேட்டேன். ஆளாளுக்குப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாங்க. கிட்டார் வாசிக்கிற பிரவின், சமூக அறிவியல் வாத்தியார், ஹால் அதிர பேசறவன், அவன் கூட கிட்டார் கழுத்துல மாட்டியிருந்த, சுருதியை மாத்துற கிளிப்பைக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தான். அப்பதான் எல்லாருக்கும் தெரியும்னு எனக்குப் புரிஞ்சது. எனக்கு வீம்பு வந்திடுச்சு. அஞ்சுல வாசிங்கன்னு அப்பாகிட்ட சொன்னேன், அவர் கையை மடியில வெச்சுக்கிட்டார். ஜெயராஜ் அண்ணே, நீங்க கொடுங்கன்னேன், அவர் தயங்கித் தயங்கி அஞ்சைப் பிடிச்சார். மாதாவேன்னு பாட்டு மேல ஏறுது பார், அந்த இடத்துல என் குரல் உடைஞ்சு, சத்தமே வராம, வெறும் காத்துதான் வந்துச்சு. கீழ்க்குரல் பாடற அல்டோ வரிசையில ஒரு பொண்ணு அழுதிடுச்சு.

நான் சும்மா வந்திருக்கணும். வாய் இருக்கே. இத்தனை பேரையும் கூட்டுச் சேர்த்துக்கிட்டு என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்க, மாதா முன்னால மைக் பிடிச்சு என்னைப் பொய் சொல்ல வெச்சிட்டீங்க, இனி ஜென்மத்துக்கும் உங்க வாசிப்புக்கு நான் பாட மாட்டேன்னு கத்தினேன். முன்னாடியே சொல்லியிருந்தா நானே மரியாதையா ஒதுங்கியிருப்பேன்னும் சொன்னேன். அதுக்கு அப்பா சொன்னார்.

"சொன்னா நீ நிறுத்திடுவே சாந்தா. அதான் சொல்லல."

நான் கிராப் டாக்சி பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள் அவர் ஃபாதருக்குப் போன் பண்ணி, இனி வேற ஆளைப் பார்த்துக்கங்கன்னு சொல்லிட்டார். வேற ஆள் எங்க இருக்கு, பிரவின் ஒத்தைக் கிட்டாரை வெச்சு எல்லாப் பாட்டையும் அவனுக்குச் சௌகரியமான மூணுல ஓட்டறான், நம்ம பொம்பளைங்க பாதி பாட்டுல கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. கட்டையை இறக்கின விஷயம் உனக்கும் முன்னாடியே தெரியும்னு அப்பா ஒத்துக்கிட்டார். உன் மேலயும் கோவம் இருந்துச்சும்மா, இல்லன்னு சொல்ல மாட்டேன், ரெண்டு வாரம் நீ கூப்பிட்டப்ப எல்லாம் குளிக்கிறேன்னு சொல்லச் சொன்னேன். இப்ப இல்ல.

ஏன்னா பிரவின் ஒரு நாள் கடையில நாசி லெமாக் சோத்தைத் தாப்பாவ் பொட்டலமா வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தான், அப்பா சலூனுக்குப் போயிருந்தார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். ஆப்பரேஷன் முடிஞ்சு நான் திரும்ப வந்தப்பவே, கீபோர்டுல சுருதியை இறக்குற பட்டனை அமுக்கிட்டு பழைய மாதிரியே வாசிங்க அங்கிள், யாருக்குத் தெரியப் போகுதுன்னு அவன் சொன்னானாம். அமுக்கினா அந்தச் சின்னக் கண்ணாடியில நம்பர் வரும், சாந்தா பக்கத்துலயே நிப்பா, பார்த்திடுவான்னு அப்பா மாட்டேன்னுட்டாராம். ஒரேடியா இறக்கினாலும் என் தொண்டைக்குத் தெரிஞ்சிடும், அரையரையாதான் இறக்கணும்னு அவரே முடிவு பண்ணி, நாலரையில இருந்து ஆரம்பிச்சிருக்கார். அவருக்கு ஆகாத நாலரை. மோதிர விரல் மடங்காத மனுஷன் அந்தக் கறுப்புக் கட்டையில ஒரு தவக்காலம் முழுக்க, ஈஸ்டரும் தாண்டி வாசிச்சிருக்கார், அப்புறம் நாலு, மூணரைன்னு ஒன்னு கிடையாதாம், நேரா மூணு, ரெண்டரை. ஒவ்வொரு இறக்கத்துக்கும் மொத்தப் பாட்டையும் புதுசா விரலுக்குப் பழக்கணும் ஆன்டின்னு பிரவின் சொன்னான். நான் காலையில பாசாருக்குப் போற நேரத்துல பழகியிருக்கார். திரும்பி வந்து பார்த்தா காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு கீபோர்டு முன்னால உட்கார்ந்திருப்பார், கேட் திறக்கிற சத்தம் கூடக் கேட்காது. வீட்டுல ஒரு மனுஷி இருக்கிறதே உங்களுக்குத் தொந்தரவா, காதை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களேன்னு நான் எத்தனை தடவை ஏசியிருப்பேன்.  சலூன்ல இருந்து வந்தவருக்குச் சோறு மட்டும் போட்டேன். எனக்கு அன்னைக்கு எவ்வளவு வெட்கமா இருந்துச்சுன்னு உன்கிட்டதான் சொல்ல முடியும்.

முந்தாநேத்து பாசார்ல இருந்து வந்து மீனைக் கூடக் கழுவாம அந்தத் துணியை நான்தான் எடுத்தேன். வாசிங்கன்னேன். அவர் வந்து உட்கார்ந்தார், ஆனா கையை வைக்கல. இனி உனக்குத் தெரியாம எதுவும் பண்ண மாட்டேன், எந்தக் கட்டைன்னு நீயே சொல்லுன்னார். எனக்கு என்னம்மா தெரியும், இத்தனை வருஷமும் அவர்தானே கண்டுபிடிச்சுக் கொடுத்தார். அஞ்சைத் தவிர எனக்கு ஒரு நம்பரும் வாயில வரல.  அப்புறம் அவரே, வாத்தியம் இல்லாம பாடு, உனக்கு எங்க வருதோ அங்க பாடுன்னார். கண்ணை மூடிக்கிட்டு மாதா பாட்டோட முதல் வரியைப் பாடினேன், மேல ஏறுற இடமும் பாடினேன், உடையல. சந்தோஷமா கண்ணைத் திறந்தா அவர் விரல் கட்டைக்கு மேல நிக்குது, ரெண்டரையைத் தொட்டார், அது இல்ல, ரெண்டைத் தொட்டார், அதுவும் இல்ல. இன்னும் ஒன்னு கீழ போய் அமுக்கினார், சேர்ந்துச்சு. என்னை நிமிர்ந்து பார்த்து, மறைக்காம சொன்னார்.

"ஒன்றரை."

 இந்தக் கொஞ்ச மாசத்துலயே இன்னும் இறங்கியிருக்கு கேரன். இது இனி ஏறாது, அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இதுக்குக் கீழ எனக்கு ரொம்ப இடம் இல்ல. மாதாவுக்கு மைக்ல நன்றி சொன்னேன், என்னோட ஒவ்வொரு படியா கூட இறங்கி வந்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்ல. அன்னைக்கும் சொல்ல வரல, மீன் கெட்டுப்போயிடும்னு குசினிக்குப் போயிட்டேன். நான் மீன் பொரிக்கிற வரைக்கும் ஹெட்போன் இல்லாம அந்த ஒன்றரையில உருட்டிக்கிட்டு இருந்தார், தப்புத் தப்பா, நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன். இன்னைக்குப் பூசை முடிஞ்சதும் ஃபாதர்கிட்ட போய், கிறிஸ்மஸ் ராத்திரி பூசைக்கு நான் பாடறேன், அவர் வாசிப்பார், சாட்சியையும் திருத்திச் சொல்லணும்னு சொல்லிட்டு வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கோ, வேலைக்குப் போற அவசரத்துல காலைச் சாப்பாட்டை விடாதே, தலைக்குக் குளிச்சா நல்லா காய வெச்சிட்டு வெளிய போ. போன மாசம் லீவு கிடைக்கல, கிறிஸ்மஸுக்கு வரல, அடுத்த வருஷம் பார்க்கலாம்னு நீ சொன்னப்ப பரவாயில்ல கண்ணு, வேலையைப் பாருன்னு பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். பரவாயில்லன்னு சொன்னது பொய். சின்ன வயசுல உன் முதல் நன்மைப் பூசையில நீ கேட்ட குரல் போயிடுச்சு, இப்ப இருக்கிறது இதுதான், அடுத்த வருஷம் இதுவும் எங்க நிக்கும்னு அப்பாவாலயே சொல்ல முடியாது. நான் பாடறதைக் கேட்கணும்னா இந்தக் கிறிஸ்மஸுக்கு வாம்மா.

மாதா உன்னைத் தன் சேலைக்குள்ள வெச்சுக் காப்பாத்தட்டும், உன் நெத்தியில சிலுவை போட்டு முத்தம் கொடுக்கிறேன்.

உன் அம்மா,
சாந்தமேரி ரபேல்