அரை அடி குறைந்தது யாரால்?

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

என் அளவு தப்பு என்று நீ வெல்டரிடம் சொன்னாய். அது பொய். முப்பத்தொரு வருடமாக அளவெடுத்துத் தைத்துச் சாப்பிடுகிறவளைப் பற்றி அந்த வார்த்தையைச் சொன்னது அநியாயம். போனில் கேட்டால் குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து முழுக்கப் படி.

என் தையல்கடை இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் நான் காலி செய்ய வேண்டும். வீட்டுக்குப் பின்னால் இரண்டு சுவர் சேரும் மூலையில் முக்கோணமாகத் தகரக் கூரை போட்டால் மெஷினும் வெட்டுகிற மேஜையும் அதன் கீழே நிற்கும் என்று, நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்து நீதான் யோசனை சொன்னாய். நல்ல யோசனை, இல்லையென்று சொல்லமாட்டேன். மூலையிலிருந்து ஒரு சுவரில் ஆறடி, இன்னொன்றில் எட்டடி என்று அளந்து சொன்னேன். கூரையைத் தாங்க ஒரு சுவரிலிருந்து மற்றதற்குக் குறுக்கே போகும் இரும்புக் குழாயின் அளவை எடுக்க மட்டும் நீ விடவில்லை. "அதுக்கெல்லாம் ஏணி ஏறாதக்கா, தேற்றம் இருக்கு, பத்தடிதான்" என்றாய். வெல்டர் பத்தடிக்கு வெட்டிக்கொண்டு வந்தார். ஒரு முனையைச் சுவரில் வைத்தால் மறுமுனை அரை அடி தள்ளி அந்தரத்தில் நிற்கிறது.

அவர் அப்போதே உனக்குப் போன் செய்தார். "அக்கா துணி அளக்குற டேப்புல அளந்திருக்கும், அதான்" என்று நீ சிரித்தது எனக்கும் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பிறகு டீக்கடையிலும் போய்ச் சொல்லிவிட்டார். நேற்று அளவு கொடுக்க வந்த பள்ளிக்கூட டீச்சர், "எனக்கு அரை அடி சேத்தே வெச்சிருங்கக்கா, அப்புறம் பத்தலன்னு அலைய முடியாது" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் அவருடைய கையளவை மூன்று முறை எடுத்தேன். நான் அப்படிச் செய்கிறவளா?

அவர் போனதும் ஒரு பழைய செய்தித்தாளை மடித்து, மடிப்பின் மேல் மடிப்பு பொருந்தும்படி மறுபடி மடித்தேன். அந்த முனை செங்கோணம். அதைச் சுவர் மூலையில் வைத்தேன். ஒரு சுவரோடு ஒட்டியது. மற்ற சுவருக்கும் தாளுக்கும் நடுவே கத்தரிக்கோல் நுழைந்தது. பின்சுவர் அதற்கு அப்பால் ஓடும் சந்தின் வளைவுக்கு ஏற்றபடி சாய்ந்து போகிறது. நீ பார்த்த போட்டோவில் அது தெரியாது.

வெல்டரை வரவழைத்தேன். ஒரு சுவரில் மூன்றடியில் சாக்பீஸ் கோடு, மற்றதில் நாலடியில் ஒன்று. மூலை செங்கோணமென்றால் குறுக்கே சரியாக ஐந்தடி வர வேண்டும், வந்தால் என் டேப்பை அடுப்பில் போடுகிறேன் என்றேன். ஐந்தடி மூன்று அங்குலம் வந்தது. அவருடைய இரும்பு டேப்பிலும் அதேதான். "அட, மூலையில்ல விரிஞ்சு கிடக்கு!" என்று தலையைச் சொறிந்தார். ஆறும் எட்டும் அதற்கு இரட்டிப்பு. குறுக்கே பத்தரை. உன் அரை அடி அங்கேதான் போயிற்று.

ஒன்பதாம் வகுப்பில் நீ அந்தத் தேற்றத்தைச் சத்தம் போட்டுப் படித்தபோது பக்கத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் நான். எனக்குப் படிப்பு ஐந்தோடு நின்றது, காது நிற்கவில்லை. "ஒரு செங்கோண முக்கோணத்தில்" என்றுதான் அது தொடங்கும். மீதியெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கிறது, தொடக்கத்தை விட்டுவிட்டாய். மூலை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டாயா? "நீங்களாவது சொல்லியிருக்கலாமே" என்கிறார் வெல்டர். கேட்காததை நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

இனி நடக்க வேண்டியவை. வெல்டர் அரை அடித் துண்டை ஒட்டி, ஒட்டுக்குக் கீழே ஒரு கால் கொடுத்து, வியாழனுக்குள் கூரையை ஏற்ற வேண்டும். டீக்கடையில் பேசியதை அதே டீக்கடையில் அவரே திருத்த வேண்டும். நான் மாதம் முடிவதற்குள் மெஷினை நகர்த்துவேன், டீச்சரின் துணியை ஒரு நூல் பிசகாமல் தைப்பேன். நீ வெல்டருக்குப் போன் செய்து, அக்கா அளவு சரி என்று ஸ்பீக்கரில் சொல்ல வேண்டும். பிறகு லீவு போட்டு வர வேண்டும். என் நோட்டில் உன் சட்டை அளவு நாலு வருடமாகப் பழையதாகவே கிடக்கிறது. இளைத்தாயா, பெருத்தாயா என்று போட்டோவைப் பார்த்து நான் கணக்குப் போடமாட்டேன். நீ நேரில் வந்து கையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் நிற்க வேண்டும். டேப்பை நான் பிடிப்பேன்.

நன்றாக இரு.

உன் அக்கா