பூந்தொட்டியான ஹெல்மெட்

வியாழக்கிழமை இரவு, கிள்ளான்

வீட்டில் யாரும் பயன்படுத்தாத ஒரு பொருளைக் கொண்டுவந்து வேறொன்றாக மாற்ற வேண்டும் என்று இரண்டாம் படிவ மாணவர்களிடம் சொல்லியிருந்தேன். 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்ற பாடத்துக்கு அருமையான யோசனை என்று எனக்கே பெருமை வேறு. திவ்யா ஒரு மோட்டார் ஹெல்மெட்டோடு வந்தாள். பூந்தொட்டி செய்யப் போகிறாளாம்.

"யாரோடது?"

"யாரும் போடறது இல்ல, டீச்சர்."

தண்ணீர் வடிவதற்கு நானே துளை போட்டுக் கொடுத்தேன். உள்ளே இருந்த பஞ்சில் வியர்வை நாற்றம். அதைப் பிய்த்துக் குப்பையில் போட்டேன்.

பள்ளி முடிகிற நேரத்தில் அவள் அம்மா மூச்சிரைக்க வந்தார். போன மாதம் இறந்துபோன கணவரின் ஹெல்மெட்டாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

"நீங்க அதப் பாத்துப் பாத்து அழுவுறீங்கம்மா. அதான் பூ வெச்சுக் குடுக்கலாம்னு..." என்றாள் திவ்யா.

அவர் யாரையும் திட்டவில்லை. துளையைக்கூடப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ள இருந்த பஞ்சு எங்க, டீச்சர்?"

குப்பை லோரி மதியமே வந்து போயிருந்தது.