கடைசிப் பக்கத்துத் திருத்தம்

அன்பு மருமகன் தாணுவுக்கு,

மேலுலகத்துக்குக் கடிதம் கொண்டுபோவாயா என்று அஞ்சல்காரனிடம் கேட்டால் சிரிப்பான். அதனால் இதை நம் வாசிப்புக் கூட்டத்திலேயே, எல்லாரும் கேட்க வாசிக்கப்போகிறேன். நீயும் கேள் மக்கா.

நம் குடும்பத்தில் மாமன் சொத்து மருமகனுக்குச் சேருவதுதான் பழைய வழக்கம். நாஞ்சில் நாட்டிலேயே மருமகன் சொத்து வந்து சேர்ந்த மாமன் நான் ஒருவன்தான்! சொத்து என்ன? சுசீந்திரம் பாலத்தடியில் வாரப் பத்திரிகையை உரக்க வாசிக்கும் வேலை. வாசித்து முடித்ததும் செய்தியில் அடிபட்டவர்கள் எழுந்து மெய் எது, பொய் எது என்று சொல்வதும், பொய்யைத் திருத்தச் சொல்லி ஊர்கூடி நாகர்கோவில் அச்சாபீசுக்கு நடப்பதும் நீ உண்டாக்கிய ஏற்பாடு. இப்போது கூட்டம் மெலிந்துவிட்டது. எல்லாருக்கும் அலுப்பு. எனக்கும்தான்.

நீ காய்ச்சலில் கிடந்தபோது முதல் பக்கத்தில் ஒரு செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? கடைமடைக் குடியானவர்கள் குளத்து மடையை உடைத்துவிட்டார்கள் என்று. மடையின் உளுத்த பலகை தானாக முறிந்ததை யார் போய்ப் பார்த்தார்கள்? அதைப் படித்த அதிகாரி கடைமடைக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டார். கும்பப்பூப் பருவத்து நெல் நாற்று மஞ்சளாகிறது. "விட்டிராதேயும் மாமா" என்றாய். அதுதான் நீ கடைசியாகச் சொன்னது.

போனோம். நான் அச்சாபீசு மேசையில் ஓங்கி அடித்ததில் மைக்கூடு பறந்து உத்தரத்தில் முட்டியது. பத்திரிகாசிரியர் நடுங்கிப்போனார். கூட வந்தவர்கள் அப்படியெல்லாம் இல்லை என்பார்கள். வாசலில் நின்றவர்களுக்கு என்ன தெரியும்?

"பத்திரிகை நடத்த எனக்குச் சொல்லித் தரேரோ?" என்றார் அவர்.

கடைமடைத் தங்கம்மை முறிந்த பலகையை அவர் முன்னால் வைத்தாள். "இத வெட்டின தடம் எங்கன்னு காட்டும். அப்பொறம் எழுதும்."

அடுத்த வாரம் திருத்தம் வந்தது. கடைசிப் பக்கத்தில், தலைவலித் தைல விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல் இரண்டு வரி.

எனக்கு மனம் கேட்கவில்லை. "முதல் பக்கம்! கொட்டை எழுத்து! ஊரிடம் மன்னிப்பு!" என்று தாளில் இருப்பதுபோலவே வாசித்து முழங்கினேன். கைதட்டினார்கள். தங்கம்மை மட்டும் எழுந்தாள்.

"அண்ணாச்சி, பத்திரிக பேரு போட்ட மொதப் பக்கம் எங்களப் பாத்துல்லா இருக்கு? அப்பம் நீரு வாசிக்கது கடைசிப் பக்கம்தானே?"

பாலத்தடியே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"பத்திரிக பொய் சொன்னா அச்சாபீசுக்குப் போறோம். வாசிக்கவரு பொய் சொன்னா எங்க போவ?"

பிறகென்ன மக்கா! உள்ள இரண்டு வரியை உள்ளபடி வாசித்தேன். என் ஆயுளிலேயே சின்ன வாசிப்பு அது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனோம். "ஐயா முதல் பக்கம் மட்டும்தான் பாப்பாரு" என்று வாசலிலேயே திருப்பிவிட்டான் சேவகன். தண்ணீர் இன்னும் திறக்கவில்லை.

ஆகவே நாளை மறுபடியும் அச்சாபீசுக்கு நடக்கிறோம். முழங்கால் வலிக்கிறது. வருகிறவர்களும் கொஞ்சம் பேர்தான். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன்: என் வீரதீரங்களை நான் எப்படி வேண்டுமானாலும் சொல்வேன், அதை மட்டும் விடச் சொல்லாதே. தாளில் இருப்பதை இருக்கிறபடியே வாசிப்பேன். பொய் வந்த இடத்திலேயே மெய்யும் வரும்வரை நடப்பேன்.

உன்னைத் தோளில் சுமந்த தாய்மாமன்,
நல்லபெருமாள்